ஜூன் 15-க்கு அப்புறம் எத்தனை பேர்?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் ராமநாதபுரம் கடலோரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். பள்ளிக்கூடம் அடைக்கிற நேரம், ஆண்டு முடிவுச் செய்திகளையும் லீவில் பிள்ளைகள் என்ன செய்யலாம் என்பதையும் கொஞ்சம் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். சரி என்று வந்துவிட்டேன். ரேடியோவில் ஒரு வசதி, கடைசி பெஞ்சில் யார் தூங்குகிறார்கள் என்பது கண்ணில் படாது.

செய்தி என்று பார்த்தால் ஆண்டு விழா நடந்தது. பாதியில் மைக் நின்றது, வழக்கம்போல. எட்டாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறியிருக்கிறார்கள். ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய் என்ற கணக்கில் அவர்களுக்கு உதவித்தொகை வரும். பொதுத்தேர்வுகள் முடிந்தன. கடைசிப் பரீட்சை அன்று வாசலில் மை தெளிக்கக் கூடாது என்று இரண்டு நாளாகச் சொல்லி வைத்திருந்தோம். தெளிக்கவில்லைதான். பேனாவை எடுத்து ஒருவர் சட்டையில் ஒருவர் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு பையனை நிறுத்தி, முதுகைத் திருப்பிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு கையெழுத்து, அம்பு பாய்ந்த ஓர் இதயம், எனக்கு அவர்கள் வைத்திருக்கிற பட்டப்பெயர். அதற்கெல்லாம் கீழே பச்சை மையில் கொட்டை எழுத்தில் 'ஐஎன்டி டிஎன் 10 எம்எம்' என்று தொடங்கி ஒரு நம்பர். விசைப்படகு நம்பர். 10 என்றால் நம் மாவட்டம், இந்தக் கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். முழு நம்பரை இங்கே சொல்லமாட்டேன், படகு முதலாளியான சம்மாட்டி கேட்டுக்கொண்டிருக்கலாம்.

"யாருடா இதை எழுதினது?"

"நான்தான் எழுதச் சொன்னேன், டீச்சர். எங்க மாமா போகிற போட்டு. தடை முடிஞ்சதும் நான் அதுலதான்."

சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்குத் திட்ட வாய் வரவில்லை. பன்னிரண்டாவது முடித்தவன் எந்தக் காலேஜ் என்று சொல்வது மாதிரி அவன் படகைச் சொன்னான். ஆண்டு முடிவுச் செய்தி என்று நீங்கள் கேட்டது இதைத்தானா தெரியவில்லை. எனக்கு இந்த வருடச் செய்தி அதுதான்.

மீன்பிடித் தடைக்காலம் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டிய விஷயம் இல்லை. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில். ஆனால் இதை ஒரு டீச்சரின் காலண்டரில் வைத்துப் பாருங்கள். 2017-க்கு முன்னால் தடை 45 நாள்தான், மே 29-ஆம் தேதியோடு முடிந்துவிடும். பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே கடல் திறந்துவிடும். படகில் ஏறுகிற பையன் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தின் பக்கமே வரமாட்டான்; பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும். 61 நாள் ஆனதும் கணக்கு மாறியது. இப்போது பள்ளி முதலில் திறக்கிறது, கடல் பிறகு திறக்கிறது. மீன் பெருகவேண்டும் என்று நீட்டிய நாள்களில் எங்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்போம்.

அந்தப் பங்கும் சில வருடம் சுருங்கிப்போகும். 2023-இல் வெயில் தாங்காமல் பள்ளித் திறப்பை ஜூன் 12-க்குத் தள்ளினார்கள். பள்ளிக்கும் கடலுக்கும் நடுவே எங்களுக்குக் கிடைத்தது மூன்றே நாள். அடுத்த வருடம் ஜூன் 10. அந்த நாலைந்து நாளில் ஒரு பையனுக்குப் புத்தகம் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, சைக்கிள் வரும் என்று ஆசை காட்டி, பதினொன்றாம் வகுப்பு அவனுக்குப் பிடித்துப்போக வேண்டும். ஜூன் 14 ராத்திரி ஐஸ் ஏற்றிவிட்டு அவன் மாமா கூப்பிடுவதற்குள்.

வருகைப் பதிவேட்டை ஒழுங்காகப் படித்தாலே யார் போகப்போகிறான் என்று தெரிந்துவிடும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரைக்கு வரும். அதனால் செவ்வாயும் வியாழனும் முதல் பீரியடில் என் வகுப்பில் நாலு இடம் காலியாக இருக்கும். இரண்டாவது பீரியடில் வருவார்கள். கரையோரக் கொட்டகையான வாடியில் சங்காயத்தை, அதாவது வலையில் கலந்து வந்த பொடிமீனை, கொட்டி இறாலைப் பிரித்துவிட்டு அப்படியே ஓடிவந்திருப்பார்கள். சட்டை மாற்றியிருப்பான், முழங்கையில் செதில் ஒட்டியிருக்கும். விரல் நுனியெல்லாம் இறால் முள் குத்திப் பொத்தல் பொத்தலாக இருக்கும். அந்தக் கையில் காம்பஸைக் கொடுத்து வட்டம் வரை என்றால் அவன் என்ன செய்வான்? ஏப்ரல் 15-க்கு அப்புறம் அதே பையன் பிரேயருக்கு முன்னாலேயே வந்து நிற்பான். சோம்பேறி என்று நாங்கள் சொன்னது எவ்வளவு தப்பு என்று அப்போது தெரியும்.

தப்பு என்றதும் என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்னால், இதே மாதிரி ஒரு மே மாதம், பத்தாவது முடித்த ஒரு பையன் அம்மாவோடு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தான். ஐ.டி.ஐ.யில் சேரப்போகிறேன் என்றான். நல்லதுதானே என்று உடனே எழுதிக் கொடுத்தோம். எந்த ஊர் ஐ.டி.ஐ., எந்தப் பிரிவு, விண்ணப்பம் போட்டாயா, ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு வாசலில் இன்னும் இருபது பேர் நின்றார்கள். ஆகஸ்டில் மீன் வாங்கப் போன இடத்தில் அவனைப் பார்த்தேன். கூடையைத் தலையில் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கூடையோடு திரும்பி நின்றுகொண்டான். அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லையாம், அதையும் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. நான் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அந்த அம்மா அங்கேயே அழுதிருப்பார், ஏதாவது வழி பார்த்திருக்கலாம். இப்போது யார் டி.சி. கேட்டாலும் உட்காரவைத்துத்தான் பேசுகிறேன். வாங்க வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும்.

சரி, லீவு விஷயத்துக்கு வருகிறேன்.

மே மாதம் ரிசல்ட் வரும். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35 எடுத்தால் தேர்ச்சி. கணக்கில் மட்டும் 28, 30 என்று நிற்கிற பையன்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஃபெயில் என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் வீட்டில் "அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். தவறிய பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் எழுதலாம். ஜூலை வாக்கில் நடக்கும். தேறினால் அதே வருடம் பதினொன்றில் சேரலாம், ஒரு வருடமும் வீணாகாது. லீவில் வாரம் மூன்று நாள் காலை பத்து மணிவரை பள்ளி வராந்தாவில் நான் உட்கார்ந்திருப்பேன். வரைபடம், வடிவியல், இரண்டு மதிப்பெண் கணக்கு, இவ்வளவுதான். எந்தப் பள்ளிப் பிள்ளையானாலும் வரலாம்.

ரிசல்ட் வரும் முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெயர் சரிபார்ப்பது. இதைச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. நம் ஊரில் ஒரு மனிதருக்குக் குறைந்தது இரண்டு பெயர். கோயிலில் வைத்த பெயர் ஒன்று, வாடியில் கூப்பிடுகிற பெயர் ஒன்று. ரேஷன் கார்டில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, பள்ளிப் பதிவில் மூன்றாவது மாதிரி. இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். படிக்கிற காலத்தில் இது யாரையும் கடிக்காது. காலேஜில் சேர்ந்து உதவித்தொகைக்கு எழுதும்போதுதான் கடிக்கும். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பெண்பிள்ளை உயர்கல்விக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022-இல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-இல். பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், கணக்கில் ஆதார் சேர்த்திருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறியதால் பல மாதம் பணம் வராமல் அலைந்த பெண்ணை எனக்குத் தெரியும். வருமானச் சான்று, சாதிச் சான்று, வீட்டில் முதலில் பட்டம் படிக்கப்போகிறவருக்கு முதல் பட்டதாரிச் சான்று, எல்லாவற்றுக்கும் இ-சேவை மையம்தான். ரிசல்ட் வந்த மறுநாள் அங்கே நிற்க இடம் இருக்காது. இப்போது போங்கள். அப்பா கரையில்தான் இருக்கிறார், இந்த இரண்டு மாதம் அவரையும் கூட்டிப் போகலாம். வருடத்தில் மற்ற மாதத்தில் அவரைப் பகலில் பிடிப்பது கஷ்டம்.

பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளிடம் என்ன படிக்கப்போகிறாய் என்றால் நர்சிங், இன்ஜினியரிங், பி.காம். மூன்றுக்கு மேல் பதில் வராது. மீன்வளப் பட்டப்படிப்பு என்று ஒன்று இருப்பதே இந்தக் கரையில் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977-இலிருந்து இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை, நீட் எழுதவேண்டிய அவசியம் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். நாட்டின் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமே 1971 வரை நம் மண்டபத்தில்தான் இருந்தது, அப்புறம்தான் கொச்சிக்குப் போனது. இன்றைக்கும் மண்டபத்தில் அதன் மையம் இருக்கிறது, மீன் காட்சியகம் இருக்கிறது. லீவில் மதுரையிலிருந்து வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப் போங்கள். கண்ணாடிக்குப் பின்னால் நீந்துகிற மீனைப் பார்த்து "இது நம்ம வலையில விழுறதுதானே" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அங்கே நின்று குறிப்பு எழுதுகிற ஆளும் படித்துத்தான் அந்த வேலைக்கு வந்தார் என்று சொல்லுங்கள்.

பெண்பிள்ளைகளின் லீவு வேறு மாதிரி. வைகாசி முகூர்த்தம் பார்ப்பதற்கு முன்னால் பெண்ணுக்கு 18 ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகவில்லை என்று தெரிந்தால் அக்கம்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம். 18 ஆகியிருந்தாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இதை நான் நீட்டவில்லை, நீட்டினால் கோபமாகப் பேசிவிடுவேன்.

அப்புறம், லீவு என்றால் விளையாட்டும்தான். வெயிலில் கிரிக்கெட் ஆடுகிறவனை நான் தடுத்ததில்லை. நுங்கு வெட்டித் தின்னட்டும், பதநீர் குடிக்கட்டும், பாட்டி வீட்டுக்குப் போகட்டும். ஒன்றே ஒன்று. கடலில் நீந்தத் தெரியும் என்ற தைரியத்தில் ஊருணியிலும் மண் அள்ளிய பள்ளத்திலும் குதிக்காதீர்கள். கடலில் உடம்பு மிதக்கிற மாதிரி நல்ல தண்ணீரில் மிதக்காது, காலடியில் சேறு இழுக்கும்.

தடைக்காலத்தில் வீட்டுச் செலவு எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நிவாரணம் வந்தாலும் படகுக்கு வர்ணம் பூசவும் வலை வாங்கவும் வாங்கின கடன் பக்கத்திலேயே நிற்கிறது. அப்பா கேரளாப் படகுக்கு வேலைக்குப் போகிறார், கூடவே பையனையும் சமையலுக்கு என்று கூட்டிப் போகிறார். எல்லை தாண்டியதாக அப்பாவைப் பிடித்துப்போன வீட்டில் மூத்தவன் படிப்பைப் பற்றிப் பேசப் போய், பேச முடியாமல் டீ மட்டும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். விழா மேடையில் கலாம் பெயரைச் சொல்வது சுலபம். அவர் அப்பாவும் படகு வைத்திருந்தவர்தான். பையனை ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஷ்வார்ட்ஸ் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். அந்த வீட்டில் அப்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

அந்தப் பச்சை மை நம்பர் படகின் சம்மாட்டிக்கு ஒரு வார்த்தை. உங்கள் படகில் ஏறப்போகிறேன் என்று ஒரு பையன் வருவான். கையில் பலம் இருக்கிறது, கெட்டிக்காரன், நீங்கள் சேர்த்துக்கொள்ளத்தான் நினைப்பீர்கள். அவன் கணக்கில் 60-க்குக் குறைய மாட்டான் என்பது என் கணிப்பு. ரிசல்ட் வந்த அன்றைக்கே மார்க்கை எழுதிக்கொண்டு வாடிக்கு வருகிறேன். நீங்கள் ஐஸுக்குச் சொல்வதற்கு முன்னாலேயே.

வணக்கம்.