எந்த பவுடர் நல்லது?

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். துணி துவைக்கும் சோப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பத்து நிமிடத்துக்குள் நான் நிறுத்துவேனா என்பதுதான் சந்தேகம். கல்லூரியில் வேதியியல் நடத்திய காலத்திலிருந்தே இது எனக்குப் பிடித்த விஷயம். கரிமச் சேர்மங்கள் என்று ஆரம்பித்தால் கடைசி பெஞ்ச் தூங்கிவிடும். சட்டைக் காலர் அழுக்கு என்று ஆரம்பித்தால் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கல்யாண வீடோ, பஸ் பயணமோ, நான் வேதியியல் வாத்தியார் என்று தெரிந்ததும் வருகிற முதல் கேள்வி இதுதான்: "எந்த பவுடருங்க சார் நல்லது?" நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க வீட்டுல என்ன தண்ணி?" சோப்பைக் கேட்டால் இந்த மனுஷன் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறாரே என்று பார்ப்பார்கள். ஆனால் பதில் அங்கேதான் இருக்கிறது.

நம் பக்கத்து வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு, உங்களுக்கே தெரியும். ஒன்று நல்ல தண்ணீர். சிறுவாணி அணையோ, பில்லூர் அணையோ, அங்கிருந்து முறை வைத்து வருவது. இன்னொன்று உப்புத் தண்ணீர், அதாவது போர் தண்ணீர். குடிக்க, சமைக்க அது. குளிக்க, துவைக்க இது. போர் தண்ணீர் பூமிக்குள் பாறை இடுக்குகளில் தங்கி வருவதால் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, குழாய் வாயில் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறதே, அதேதான். தண்ணீரில் இவை எவ்வளவு இருக்கின்றன என்பதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை. அந்த 600ஐயும் தாண்டுகிற போர் நம் பக்கம் அதிசயமில்லை.

இந்தக் கால்சியம் செய்கிற வேலை என்ன? நீங்கள் சோப்பைப் போடுவது அழுக்குக்காக. ஆனால் பந்திக்கு முந்திக்கொண்டு உட்காருகிற ஆள் மாதிரி, அழுக்கு வருவதற்குள் கால்சியம் அந்தச் சோப்பைச் சாப்பிட்டுவிடுகிறது. எண்ணெயில் செய்த பழைய கட்டி சோப்பாக இருந்தால் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்துபோய், சாம்பல் நிறத்தில் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். வெள்ளை வேட்டி பழுப்பேறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்றைய பவுடரில் இருக்கிற டிடர்ஜென்ட், அதாவது செயற்கையாகச் செய்த அழுக்கெடுக்கும் சரக்கு, அப்படித் திரியாது. ஆனால் அதற்கும் பலம் குறையும். அதனால்தான் பவுடரில் சலவை சோடா சேர்க்கிறார்கள். சோடா, கால்சியத்தைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டு, டிடர்ஜென்டை அதன் வேலையைப் பார்க்க விடுகிறது.

எங்கள் உறவில் ஒரு பெண், கோத்தகிரியில் வளர்ந்தவள், பல்லடம் பக்கம் வாழ்க்கைப்பட்டாள். மலையில் மழைத்தண்ணீர், ஊற்றுத் தண்ணீர். ஒரு கரண்டி பவுடர் போட்டால் வாளி நிறைய நுரை. வந்த இடத்தில் அதே பவுடர், அதே கரண்டி, நுரையே இல்லை. இரண்டு கரண்டி போட்டாள், மூன்று போட்டாள். மாமியாருக்கு, மருமகள் பவுடரை வீணாக்குகிறாள் என்று மனத்தாங்கல். மருமகளுக்கு, கடைக்காரர் டூப்ளிகேட் விற்கிறார் என்று சந்தேகம். கடையை மாற்றினார்கள். அப்புறம் பிராண்டை மாற்றினார்கள். விலை கூடிய பவுடர் வந்தது, துண்டு மட்டும் முன்னைப் போலவே விறைத்துக்கொண்டு நின்றது. கடைசியில் மாமனார், மெஷினில்தான் கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார். அவர் பின்பக்கம் கழற்றி, ஹீட்டரில் விரல் கனத்துக்குப் படிந்திருந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "உப்புத் தண்ணிங்களா விடறீங்க?" நான் வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்வதை அந்த மனிதர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அந்த வழக்கு என்னிடமும் வந்தது. அங்கே போய் ஒரு சோதனை செய்து காட்டினேன். நீங்களும் செய்து பார்க்கலாம், செலவே இல்லை. இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பாதி அளவு போர் தண்ணீர், இன்னொன்றில் பாதி அளவு மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். எண்ணெயில் செய்த சோப்பைக் கொஞ்சம் சீவி இரண்டிலும் ஒரே அளவு போடுங்கள். டிடர்ஜென்ட் கட்டி கூடாது, எண்ணெய் சோப்புதான் வேண்டும். மூடிக் குலுக்குங்கள். மழைத்தண்ணீரில் நுரை மேலே நிற்கும், கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருக்கும். போர் தண்ணீரில் நுரை வராது, திரிதிரியாக மிதக்கும். மாமியார் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க வாத்தியாரே, அப்ப இந்தப் புள்ள மேல தப்பில்லீங்களா?" என்றார். மருமகள் அன்றைக்கு விடுதலை.

தீர்வு எளிது. பருத்தித் துணி ஊறவைக்கும் வாளியில் முதலில் ஒரு கரண்டி சலவை சோடா கரைத்து, அதன் பிறகு பவுடர். முடிந்தால் கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். சோடாவில் கை வைத்தால் தோல் வறளும், குச்சியால் கலக்குங்கள். பட்டுக்கு இது ஆகவே ஆகாது, அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் நுரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு இன்றைக்குத் தூக்கம் வராது. நுரைக்கும் அழுக்கு போவதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. எண்ணெய் சோப்பில், சோப்பு போதுமா என்று பார்க்க நுரை ஓர் அடையாளம், அவ்வளவுதான். டிடர்ஜென்டில் அதுவும் இல்லை. நுரையே எழும்பாமல் நன்றாக அழுக்கு எடுக்கிற பவுடரைச் செய்ய முடியும், செய்கிறார்கள். ஃப்ரண்ட் லோட் மெஷினுக்கென்று தனியாக விற்கிறார்களே, அது குறைந்த நுரை பவுடர்தான். அந்த மெஷினில் தண்ணீர் கொஞ்சம்; துணி மேலே போய்க் கீழே விழுந்துதான் அழுக்கு விட வேண்டும். இடையில் நுரை நிறைந்தால் விழுகிற வேகம் குறையும். ஆனால் வாளியில் கைவிட்டால் முழங்கை வரை நுரை இல்லாவிட்டால் நமக்கு மனசு ஆறுவதில்லை. அந்த ஆசை தெரிந்துதான் நுரை கூட்டும் சரக்கையும் சேர்த்து விற்கிறார்கள். அப்புறம் அந்த நுரை போவதற்கு நான்கு தடவை அலசுகிறோம். வாரம் ஒரு தடவை தண்ணீர் விடுகிற ஊரில் இருந்துகொண்டு! திரும்பவும் சொல்கிறேன், நுரையைப் பார்த்து பவுடர் வாங்காதீர்கள்.

இந்தியாவில் டிடர்ஜென்ட் பவுடரைப் பரவலாக்கியது 1959இல் வந்த சர்ஃப். அதற்கு முன் கட்டி சோப்பு, துவைகல், கை பலம். 1969இல் குஜராத்தில் கர்சன்பாய் படேல் என்ற வேதியியலாளர் வீட்டிலேயே பவுடர் கலந்து, சைக்கிளில் வைத்து விற்க ஆரம்பித்தார். அதுதான் நிர்மா. சர்ஃபின் விலையோடு வைத்துப் பார்த்தால் மிகவும் மலிவு. சாதாரணக் குடும்பம் பவுடருக்கு மாறியது அதற்குப் பிறகுதான். இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், நேரம் இருந்தால் இன்னும் சொல்வேன்.

சரி, பவுடரா லிக்விடா? உப்புத் தண்ணீர், பருத்தித் துணி, மண் அழுக்கு என்றால் பவுடர். சோடா அதில்தான் தாராளம். லிக்விடில் பொதுவாகக் காரம், அதாவது சோடாவுக்கு உள்ள காரத்தன்மை, குறைவு, கைக்கு இதம், குளிர்ந்த தண்ணீரிலும் கரையும். கறுப்பு பேன்ட்டில் வெள்ளைத் திட்டு விழாது. எண்ணெய்க் கறை, காலர் பிசுக்கு இருந்தால் லிக்விடை நேராக அதன் மேலேயே விட்டுக் கால் மணி நேரம் வைக்கலாம். நல்ல தண்ணீர் உள்ள வீட்டுக்கு லிக்விட் தாராளமாகப் போதும். கட்டி சோப்பு? காலரும் கையும் தேய்க்க அதற்கு ஈடு இல்லை. வாளித் துணி முழுவதையும் அதில் தேய்ப்பது கைக்கும் தண்டனை, துணிக்கும் தண்டனை.

விலை கூடிய பவுடரில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பெரும்பாலும் என்சைம். பால், ரத்தம், பருப்பு போன்ற புரதக் கறையை ஒரு என்சைம் துண்டாக்கும், கஞ்சிக் கறையை இன்னொன்று. அவற்றுக்கு நேரம் வேண்டும். அரை மணி ஊறவிடாமல் கும்மிப் பிழிந்தால் கொடுத்த காசு வீண். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் என்சைமே செத்துவிடும். ரத்தக் கறைக்கு எப்போதும் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் பட்டால் கறை துணியோடு வெந்துவிடும்.

இப்போது பட்டுக்கு வருகிறேன். பட்டும் கம்பளியும் புரதம். பாலைத் தின்கிற என்சைமுக்குப் பட்டு வேறு, பால் வேறு என்று தெரியாது. பாக்கெட்டின் பின்பக்கம் பட்டுக்கும் கம்பளிக்கும் வேண்டாம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் காரணம் அதுதான். பாட்டிமார் பூந்திக்கொட்டையை ஊறவைத்து அலசியது நல்ல வேதியியல். அதில் காரம் இல்லை, நுரைக்கும் சத்து மட்டும் உண்டு. ஜரிகை கனமாக உள்ள கல்யாணப் புடவையை வீட்டில் நனைக்கவே வேண்டாம்.

அப்புறம் மஞ்சள் கறை. சாம்பார் சிந்திய சட்டையில் சோப்பு போட்டதும் கறை சிவப்பாக மாறுகிறதே, பார்த்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்க்குமின், சோப்பின் காரம் பட்டால் சிவக்கும், அலசினால் திரும்ப மஞ்சளாகும். மிச்சக் கறையை வெயில் பார்த்துக்கொள்ளும். குர்க்குமினுக்கு வெயில் ஆகாது. ஈரத்தோடு வெயிலில் போடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள். நீலம், பளிச்சென்று காட்டும் ஒளிரூட்டி, துணியை மென்மையாக்கும் திரவம் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். வேகமாகச் சொல்கிறேன்: நீலம் அழுக்கை எடுப்பதில்லை, பழுப்பை மறைக்கிறது. ஒளிரூட்டி உள்ள பவுடர் வெள்ளைக்கு நல்லது, சந்தன நிறத்துக்கு வேண்டாம். மென்மையாக்கும் திரவத்தைத் துண்டுக்கு விடாதீர்கள், துண்டு தண்ணீர் இழுக்காது. பவுடர் கரண்டியிலோ லிக்விட் மூடியிலோ போட்டிருக்கும் கோடு வரை போதும். குழந்தைத் துணிக்கு இன்னொரு அலசல் கூடுதலாக. கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் போகக் கூடாது: வெள்ளைத் துணிக்கு வாங்கிய குளோரின் பிளீச்சை, பாத்ரூம் கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும், மூச்சு திணறும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கிறவர்கள் இப்போதே ஒன்றை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். வணக்கம்.