பின்னூட்டப் படிவம் நமக்கு எதைச் சொல்கிறது?

ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் கருத்தாளர்களுக்கும் என் வணக்கம்.

அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் குறுவள மையக் கூட்டம் முடிந்து பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஆசிரியர்கள் எழுந்து நிற்கும்போதுதான் நாம் பின்னூட்டப் படிவத்தை நீட்டுகிறோம். ‘பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?’ என்ற கேள்விக்கு ‘மிகவும்’ என்ற விடையே பெரும்பாலும் வருகிறது. அதற்குச் சராசரி கண்டு அறிக்கையில் சேர்த்துவிடுகிறோம். அந்தச் சராசரியைப் பயிற்சியின் வெற்றியாகக் கொள்வது தவறு என்பதை வலியுறுத்தவே வந்திருக்கிறேன்.

1970இல் அமெரிக்காவில் ஆய்வாளர் சிலர் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை ‘டாக்டர் மைரன் ஃபாக்ஸ்’ என்னும் அறிஞராக அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியாளர்கள் முன் பொருளற்ற, முன்னுக்குப்பின் முரணான உரையொன்றை நிகழ்த்தச் செய்தார்கள். அவர் கலகலப்பாகப் பேசினார். நேரிலும் ஒளிப்பதிவிலும் கேட்ட மூன்று குழுக்களிலுமாக 55 பேர் கருத்துத் தெரிவித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் உரையைப் பாராட்டினார்கள். 1973இல் வெளியான இந்த ஆய்வு, கற்றலில் தேர்ந்தவர்களின் மனநிறைவுகூடக் கற்றதற்குச் சான்றாகாது என்று காட்டியது.

அமெரிக்கக் கல்வியாளர் தாமஸ் கஸ்கி ஆசிரியர் பயிற்சியை மதிப்பிட ஐந்து படிகளை வகுத்தார். பங்கேற்பாளரின் மனநிறைவு முதற்படி மட்டுமே. கற்றது, பள்ளி தந்த ஆதரவு, வகுப்பறைப் பயன்பாடு, மாணவர் அடைவு ஆகியவை அதன்பின் வருகின்றன. இவற்றுள் பள்ளி தந்த ஆதரவையே நாம் அதிகம் புறக்கணிக்கிறோம். மூன்று வகுப்புகளை ஒரே அறையில் ஒருவராக நடத்தும் ஆசிரியர், பயிற்சியில் கண்ட குழுச்செயல்பாட்டைச் செய்ய இயலாதபோது அதை அவருடைய ஆர்வக்குறைவு என்று எழுதிவிடுகிறோம்; உண்மைக் காரணத்தைச் சொல்வதற்கு நம் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை.

எண்களை ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. பயிற்சிக்கு முன் தம் திறனுக்கு ஐந்தில் நான்கு போட்டுக்கொண்ட ஆசிரியர், பாடத்தின் ஆழத்தை உணர்ந்தபின் மூன்று போடக்கூடும். அவர் கற்றிருக்கிறார், எண்ணோ சரிவைக் காட்டுகிறது. ஆகவே ‘அன்று எப்படி இருந்தீர்கள், இன்று எப்படி இருக்கிறீர்கள்’ என்ற இரண்டையும் இறுதியில் ஒருசேரக் கேட்பது நல்லது. முன்னேறியதாகக் காட்டிக்கொள்ளும் விருப்பம் இதிலும் கலக்கும் என்பதால், இந்த விடையை மட்டும் நம்பி முடிவெடுக்கலாகாது.

பின்னூட்டம் வாங்கும் நாமே நாளை அவர்களுடைய பள்ளிக்குப் பார்வைக்குச் செல்கிறோம். இந்நிலையில் பெயரும் பள்ளியும் கேட்கும் படிவத்தில் எந்த ஆசிரியர் மனம்விட்டுக் குறை எழுதுவார்? அவ்விரண்டையும் நீக்கிவிடுவோம். அடுத்த கூட்டத்தின் முதல் அரைமணி நேரத்தில், சென்ற முறை கற்றதை எந்தப் பாடத்தில் கையாண்டார்கள், எங்கே தடைப்பட்டார்கள் என்று மாணவர் குறிப்பேடுகளை வைத்துப் பேசச் சொல்வோம். அதற்கு முன்பாக, சென்ற முறை அவர்கள் எழுதிய குறைகளில் எவற்றைத் திருத்தினோம், எவற்றைத் திருத்த முடியவில்லை, ஏன் என்பதை நாம் எழுந்து சொல்லியாக வேண்டும்.