சுவரைத் தாண்டாத கடிதம்

நடுவர் அவர்களுக்கும், இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் கோயில் முற்றத்தில் அமர்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது எட்டு நிமிடம் என்பதால் வணக்கத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு முதலில் வேண்டியது சம்பள உயர்வா, சொந்த வீடும் முகவரியுமா என்பது தலைப்பு. "முகவரியை உலையில் போட்டால் சோறாகுமா?" என்று எதிரணித் தலைவர் கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் இருக்கும் என் தாய்மாமா மற்றவர்களைவிடச் சத்தமாகத் தட்டியதையும் கவனித்துக்கொண்டேன்.

ஆகாது, ஐயா. ஆனால் முகவரி இல்லாததால் எங்கள் வீட்டு உலை ஓராண்டு அரைவயிற்றுக்கு மட்டுமே கொதித்தது. நாங்கள் இருந்தது லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஆறாவது காம்பரா. ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்ற சிறு திண்ணை, எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவர், கூரையைத் தொடுவதற்கு முன்பே களைத்து நின்றுவிட்டது. அந்த இடைவெளி வழியாக அவர்கள் வீட்டு அடுப்புப் புகை வரும், கருவாட்டு மணம் வரும், கணவன் மனைவி சண்டை ஒரு சொல்லும் பிசகாமல் வரும். அங்கே ஒருவர் தும்மினால் இங்கே என் பாட்டி "நூறு வயசு" என்று வாழ்த்துவார்.

அப்போது நான் ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகத் தேர்வுக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். என் முகவரி என்பது பெயர், மேற்பிரிவு, தோட்டம், தபாலகம் ஆகியவை மட்டுமே. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது மலையேறும். பக்கத்துக் காம்பராவில் இருந்த, ஒருகாலத்தில் வேலையாட்களை மேற்பார்த்த கங்காணித் தாத்தாவுக்கும் என் பெயர்தான். உறையின்மேல் அரசாங்க முத்திரையைக் கண்டதும், தமது சம்பளத்தில் பிடித்த சேமலாப நிதிப் பணம் வந்துவிட்டது என்று முடிவுகட்டி, தைப்பூசத்தன்று பிரிக்கலாம் என்று அதை முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார்.

நடுவர் அவர்களே, இந்த இடத்தை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் நான் தினமும் திருநீறு பூசிக்கொண்டு, "முருகா, கடிதத்தைக் கொண்டுவந்து கொடு" என்கிறேன். அந்தப் பக்கம் முருகன் அதன்மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறார். என் வேண்டுதல் அவர்களுக்குக் கேட்கிறது. "பாவம், நல்ல பிள்ளை" என்று தாத்தா சொல்வது எனக்குக் கேட்கிறது. புகை தாண்டியது, மணம் தாண்டியது, சண்டை தாண்டியது, கடிதம் மட்டும் தாண்டவில்லை. தைப்பூசத்தன்று அதை வாசித்துச் சொல்லும்படி என்னிடமே கொண்டுவந்தார். நேர்முகத் தேர்வு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நான் வாயடைத்து நிற்க, அவர் கேட்டார்: "எவ்வளவு வருது, தம்பி?"

இப்போது என் மாமாவும் சிரிக்கிறார்.

நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவானது, 2024இல் 1,350 ரூபாவானது. அதை வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்ல. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு தகரத்தை மாற்றவும் தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதி வேண்டும். வீட்டில் ஒருவராவது காலையில் பெரட்டில் பேர் கொடுத்துத் தோட்ட வேலைக்குப் போகாவிட்டால் காம்பராவே நமக்கு நிலைக்குமா என்ற பயம் வேறு. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரியக்கூடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எழுந்துபோய்க் குடியேற அந்த மக்களுக்குச் சொந்தமாக ஒரு முழம் நிலம் இருந்ததா? 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்களோடு புதைந்தார்களே, ஐயா!

எங்களுக்குப் பின்னாளில் ஏழு பேர்ச் அளவுள்ள சிறு காணியும், அதில் எண்ணிட்ட ஒரு வீடும் கிடைத்தன. நான் கொழும்பிலிருந்து தினமும் தொலைபேசியில் பேசுகிறவன். ஆனாலும் அம்மா, "எனக்கு ஒரு கடிதம் போடு" என்றார். எழுத என்னம்மா இருக்கிறது என்று கேட்டேன். "உள்ளே ஒண்ணும் எழுத வேணாம், வெளியே எழுது, போதும்" என்றார்.

தபால்காரர் வாசலில் நின்று அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்த கை அந்த உறையை வாங்கி, பிரிக்காமல், சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தது. அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. உள்ளே என்ன எழுதினேன் என்று அவர் இதுவரை கேட்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, அமர்கிறேன்.