கல்லாப்பெட்டியும் சட்டப் புத்தகமும் ஒரே கையில் எதற்கு?

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தொழிலில் வென்றவர் சட்டம் இயற்ற வந்தால் மக்களுக்குக் கிடைப்பது அனுபவமா, ஆதாயச் சிக்கலா என்பது இன்றைய கேள்வி. ஆதாயச் சிக்கலே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் பிலிப்பைன்ஸில் வீடு கட்டி விற்கும் தொழிலில் வென்று அரசியலுக்கு வந்த மானி வில்லாரை உதாரணம் காட்டி, "தன் உழைப்பால் உயர்ந்தவர், பதவியைவிட நியாயத்தைப் பெரிதாக நினைத்தவர், இப்படிப்பட்டவர் சட்டமன்றத்துக்கு வேண்டாமா?" என்று கேட்டார். நானும் அதே மனிதரை வைத்தே பேசுகிறேன்.

அவர் உழைப்பைப் பற்றி எதிரணி சொன்னது போதாது என்பேன். 1949இல் மணிலாவின் ஏழைப் பகுதியான தொண்டோவில் பிறந்தவர். தாய் திவிசோரியா சந்தையில் இறாலும் மீனும் விற்றவர். மகன் கூடமாட விற்றுக்கொண்டே படித்து, பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம் பெற்றார். கணக்காளர் வேலை, அப்புறம் ஒரு நிதி நிறுவன வேலை. அதையும் விட்டுவிட்டு, மக்காட்டியில் மீன், இறால் சப்ளை செய்யும் தொழில் தொடங்கினார். ஒரு உணவகம் பணம் தராமல் இழுத்தடித்தது. வேறு ஒருவராக இருந்தால் சண்டை போட்டிருப்பார், இல்லை தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். இவர் சாப்பாட்டுச் சீட்டு அச்சடித்தார். அந்தச் சீட்டுக்குச் சாப்பாடு போட உணவக முதலாளியைச் சம்மதிக்க வைத்து, அலுவலக ஊழியர்களிடம் தள்ளுபடி விலையில் விற்றே கடனை வசூலித்தார். என்ன ஒரு மூளை!

1975இல் 10,000 பெசோ முதலீடு, புதுப்பித்த பழைய லாரிகள் இரண்டு. மணிலாவுக்குத் தெற்கே உள்ள லாஸ் பின்யாஸில் மணலும் ஜல்லியும் அடித்தார். சரக்கு இறக்கப்போன இடங்களில் ஒன்றைக் கவனித்தார். அங்கெல்லாம் மனையை மட்டும்தான் விற்கிறார்கள், வீட்டை வாங்கியவரே கட்டிக்கொள்ள வேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய பாரம்! மனையோடு வீட்டையும் சேர்த்தே விற்கலாமே என்று இறங்கினார். அவருடைய கமெல்லா என்ற வீட்டு நிறுவனம் அப்படித்தான் வளர்ந்தது. இந்த மனிதரை நான் மனதார மதிக்கிறேன்.

சரி, 1992க்கு வருவோம். அந்த ஆண்டு அவர் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். எந்தத் தொகுதி? லாஸ் பின்யாஸும் முந்தின்லுபாவும். எந்த மண்ணில் மனை வாங்கி வீடு கட்டி விற்றாரோ, அதே மண்ணுக்குப் பிரதிநிதி. ஒரு சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பொறுத்து அந்தப் பக்கத்து நிலத்தின் விலை ஏறும் நடுவர் அவர்களே. சாலைக்கு நிதி ஒதுக்குவது யார்? நாடாளுமன்றம்.

இதை அந்த நாட்டின் அரசியலமைப்பே எதிர்பார்த்திருந்தது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு, உறுப்பினர்கள் பதவியேற்றதும் தங்கள் தொழில் நலன்களை முழுமையாக வெளியிட வேண்டும் என்கிறது. தாங்கள் கொண்டுவரும் மசோதாவால் ஆதாய முரண் வரக்கூடும் என்றால் அவைக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் தொழிலை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. நான் குறை காண்பது அங்கேதான்.

அடுத்து எதிரணியின் பெரிய ஆயுதம்: 2000 நவம்பர் 13. சபாநாயகராக இருந்த வில்லார், அவை கூடிய வேகத்தில், அதிபர் எஸ்த்ராதா மீதான பதவி நீக்கக் குற்றச்சாட்டை மேலவையான செனட்டுக்கு அனுப்பிவைத்தார். அன்றே சபாநாயகர் நாற்காலியை இழந்தார். துணிச்சலான செயல், மறுக்கவில்லை. ஆனால் அன்று அவருக்குக் கைகொடுத்தது வியாபார அனுபவமா? மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் வாக்கெடுப்பே தேவையில்லை என்ற அரசியலமைப்பு விதி கைகொடுத்தது. அந்தத் துணிச்சல் ஒரு பள்ளி ஆசிரியருக்கும் வரலாம், விவசாயிக்கும் வரலாம். அதை வணிகத்தின் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

வணிகத்தின் கணக்கில் வரவேண்டியது வேறு. 2006இல் அவர் செனட் தலைவரானார். 2008 வரவுசெலவுத் திட்டத்தில் மணிலா பெருநகரின் சி-5 நெடுஞ்சாலையை நீட்டிக்கும் சாலைக்கு 200 மில்லியன் பெசோ இரண்டு தடவை இடம்பெற்றிருப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. சாலை அவருடைய நிறுவனங்களின் நிலங்களையொட்டிப் போகிறது என்று செனட்டர் ஜாம்பி மத்ரிகல் புகார் கொடுத்தார். 2008 நவம்பரில் செனட் தலைவர் பதவி போனது. 2010 தொடக்கத்தில் வந்த செனட் விசாரணை அறிக்கை, சுமார் 6.2 பில்லியன் பெசோவை அவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது. அவையோ அந்த அறிக்கையை ஏற்று முடிக்கவில்லை. தேர்தலுக்காகச் செய்யும் அரசியல் என்று வில்லார் மறுத்தார்.

அவர் தவறு செய்தார் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்க மாட்டானா என்று நம் ஊரில் கேட்பார்கள். நக்கவே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஊர் நம்பாதே! அந்தச் சாலை நெரிசலில் தவிக்கும் மக்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட சாலையாக இருக்கலாம். ஒருவருடைய நிலம் பக்கத்தில் இருந்ததால், நல்ல சாலையும் சந்தேகத்துக்குள் போய்விட்டது. நஷ்டம் யாருக்கு?

2010 அதிபர் தேர்தலில் அவர் மூன்றாம் இடம். தான் பதவி நீக்கத்துக்கு அனுப்பிய எஸ்த்ராதா இரண்டாம் இடம்! 2013இல் வில்லார் செனட்டை விட்டுப் போனார். சிக்கல் தீர்ந்ததா? அதே ஆண்டு மனைவி சிந்தியா செனட்டுக்கு வந்தார். 2019ஐப் பாருங்கள்: கணவர் ஃபோர்ப்ஸ் பட்டியலில் நாட்டின் முதல் செல்வந்தர், மனைவி செனட்டின் விவசாயக் குழுத் தலைவர், மகன் மார்க் பொதுப்பணித் துறை அமைச்சர், மகள் கமில் பிரதிநிதிகள் சபையில். 2022 நவம்பரில் விளைநிலங்கள் குடியிருப்பு மனைகளாவது பற்றி செனட்டர் ராஃபி துல்ஃபோ கேள்வி எழுப்பினார். பதில் சொன்னவர் சிந்தியா வில்லார். நாங்கள் நகரங்களிலும் தலைநகர்களிலும்தான் கட்டுகிறோம் என்றார். அந்தப் பதில் முழு உண்மையாகவே இருக்கட்டும். விவசாயியின் நிலத்தைக் காக்க வேண்டிய குழுவின் தலைவர், தன் குடும்ப நிறுவனத்துக்காக விளக்கம் சொல்ல வேண்டி வந்ததே, அதுதான் என் வாதம்.

"மக்கள்தானே வாக்களித்தார்கள்?" என்று எதிரணி கேட்கும். வாக்களித்தார்கள். 2019இல் சிந்தியாவை நாட்டிலேயே முதலிடத்தில் ஜெயிக்க வைத்தார்கள். 2025இல் லாஸ் பின்யாஸில் அவரையே தோற்கடித்து, அதே தேர்தலில் மகளைச் செனட்டுக்கு அனுப்பினார்கள். குடும்ப அரசியலைத் தடுக்க வேண்டும் என்று அதே 1987 அரசியலமைப்பு சொல்கிறது. எது குடும்ப அரசியல் என்று வரையறுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தச் சட்டம் 2025 தேர்தல் வரையிலும் வரவில்லை. கொண்டுவர வேண்டிய அவையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அப்படிப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வாக்காளர் ஆளை மாற்றலாம், அந்த விதியை எழுத அவரால் முடியாது.

ஆகவே, சட்டமன்றத்துக்கு வருபவர் முதலில் தொழிலை விட்டுவிட்டு வரட்டும், தன் கையிலிருந்து மனைவி மக்கள் கைக்கு மாற்றிவிட்டு அல்ல என்று கேட்டு, எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.