பூமி, நிலவு, ஒரு வரி நிரல்

நேயர்களுக்கு வணக்கம்.

பூமியும் நிலவும் ஒன்றையொன்று எவ்வளவு விசையோடு இழுக்கின்றன? நியூட்டன் 1687-இல் வெளியிட்ட விதியை வைத்து, கணினியில் ஒரே வரியில் விடை எடுத்துவிடலாம். இரண்டு நிறைகளையும் பெருக்கி, எங்கும் மாறாத எண்ணான ஈர்ப்பு மாறிலியாலும் பெருக்கி, தொலைவின் இருமடியால் வகுக்க வேண்டும். பூமியின் நிறை 5.97 பெருக்கல் 10-இன் அடுக்கு 24 கிலோ. நிலவுக்கு 7.34 பெருக்கல் 10-இன் அடுக்கு 22. இடைத்தொலைவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். விடை, கிட்டத்தட்ட 2 பெருக்கல் 10-இன் அடுக்கு 20 நியூட்டன்.

நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பேன். தப்பாக எழுதினாலும் கணினி பெரும்பாலும் ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். அது தப்பு என்று நமக்குத்தான் தெரிய வேண்டும். தொலைவை மீட்டருக்கு மாற்ற மறந்தால் விடை 10 லட்சம் மடங்கு பெருத்துவிடும். பைத்தான் என்ற நிரல் மொழியில் இருமடிக்கு இரண்டு நட்சத்திரக் குறி போட வேண்டும். எக்செல்லில் பழகியவர்கள் தொப்பிக் குறியைப் போடுவார்கள். பைத்தானில் அது பிட்டுகளை, அதாவது எண்ணின் 0, 1 இலக்கங்களை, ஒப்பிடும் குறி. தொலைவை மீட்டரில் முழு எண்ணாகக் கொடுத்து, இருமடியை அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தால், 38,44,00,000-இன் இருமடிக்குப் பதில் 38,44,00,002 வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது.

அப்புறம், பள்ளிப் பிள்ளைகள் கையில் இருக்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை. அதில் தசம எண்ணுக்கு 32 பிட்தான், 3.4 பெருக்கல் 10-இன் அடுக்கு 38-க்கு மேல் கொள்ளாது. இரண்டு நிறைகளையும் முதலில் பெருக்கினால் 10-இன் அடுக்கு 47-ஐத் தாண்டி, விடை முடிவிலி என்று வரும். சரி, ஈர்ப்பு மாறிலியை முன்னால் கொண்டுவந்து பூமியின் நிறையோடு முதலில் பெருக்கிப் பாருங்கள். மாறிலி மிகச் சிறியது, 6.674 பெருக்கல் 10-இன் அடுக்கு மைனஸ் 11. இப்போது எந்தப் படியிலும் எல்லை மீறாது.

இந்த வரிசைக்கு இயற்பியலிலும் ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1798-இல் ஹென்றி கேவண்டிஷ், பூமியின் அடர்த்தியைக் காண, 158 கிலோ ஈயக் குண்டுகள் சிறு ஈயக் குண்டுகளை இழுப்பதை கம்பி முறுகுவதை வைத்து விசையைக் காட்டும் முறுக்குத் தராசில் அளந்தார். தன் உடல் சூட்டில் காற்று அசைந்துவிடக் கூடாதென்று அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். அவ்வளவு நுண்ணிய விசை அது. இப்படிப்பட்ட அளவீட்டிலிருந்துதான் ஈர்ப்பு மாறிலியும் கிடைக்கிறது. இன்றைக்கும் மாறிலியின் மதிப்பு நாலைந்து இலக்கத்துக்கு மேல் உறுதியாகத் தெரியாது. ஆகவே பூமியின் நிறையும் அந்த அளவுக்குத்தான் தெரியும். ஆனால் இரண்டின் பெருக்கற்பலன் செயற்கைக்கோள்களின் பாதையிலிருந்து நேராகவே கிடைக்கிறது: 3.986004418 பெருக்கல் 10-இன் அடுக்கு 14. செயற்கைக்கோள் பாதையைக் கணக்கிடும் நிரல்களில் இந்த ஒற்றை எண்ணைத்தான் வைக்கிறார்கள். நீங்களும் அதையே வையுங்கள். பிறகு நிலவுக்குப் பதில் 1 கிலோ, தொலைவுக்குப் பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். 9.8 நியூட்டனை ஒட்டி வர வேண்டும்.

நன்றி, வணக்கம்.