ஆசிரியருக்கு மரியாதை பள்ளி வாசலில்தான்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் பேசி முடித்து அமர்ந்திருக்கும் அண்ணனுக்கும், முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் பின்னால் இடுப்பில் கைக்குழந்தையோடு நிற்கிற தாய்மார்களுக்கும் வணக்கம்.

இன்றைக்கு நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழா. "தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு ஊர் செய்யும் உண்மையான மரியாதை விழா மேடையிலா, பள்ளி வாசலிலா?" என்பது தலைப்பு. அண்ணன் மேடை என்று பேசினார். நான் பள்ளி வாசல் என்று பேச வந்திருக்கிறேன்.

அண்ணன் நன்றாகவே பேசினார். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளை, செப்டம்பர் 5-ஐ, 1962-லிருந்து ஆசிரியர் நாளாக நாடே கொண்டாடுகிறது என்றார். அவர் பேரில் நம் மாநில அரசு தருகிற நல்லாசிரியர் விருதைச் சொன்னார். நாலு பேர் பார்க்கப் பொன்னாடை போர்த்தினால்தான் அந்த ஆசிரியரின் அருமை ஊருக்குத் தெரியும், பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் மரியாதை பழகும் என்றார். பொன்னாடை வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை ஐயா. தாராளமாகப் போர்த்துங்கள். எது உண்மையான மரியாதை என்பதுதானே இங்கே வழக்கு? அதை மட்டும் பேசுகிறேன்.

நான் தையல் வேலை செய்கிறவள். என் மகள் இந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. மகன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். கொடுக்கப் போனேன்.

நம் பள்ளி ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளை டீச்சர் பார்க்கிறார்; நான்கையும் ஐந்தையும் தலைமையாசிரியர் பார்க்கிறார். அன்றைக்கு சார் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஐந்து வகுப்பும் டீச்சர் ஒருவர் தலையில்.

நான் போய் நின்றபோது ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று வாந்தி எடுத்திருந்தது. டீச்சர் முறத்தில் மணல் கொண்டுவந்து போட்டு, கூட்டி அள்ளி, குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிப் போய் முகம் கழுவி, தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். முந்தானையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பொடிசுகள் அழுதுகொண்டே கூடவே நடக்கின்றன. வருகைப்பதிவு ஏற்ற வேண்டிய செல்போன் மேசையில் கிடக்கிறது. இத்தனைக்கும் நடுவில் அவர் வாய் மட்டும் "எட்டு மூணு?" என்று கேட்கிறது, மூன்றாம் வகுப்பு "இருபத்திநாலு" என்கிறது. "எட்டு நாலு?" "முப்பத்திரண்டு."

"நான் என்ன செய்யட்டும் டீச்சர்?" என்று கேட்டேன். "ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்களை வேப்பமரத்தடியில உக்கார வச்சு ஒரு கதை சொல்லுங்கம்மா. பத்து நிமிஷம் போதும்" என்றார். சொன்னேன். திரும்பி வந்தபோது அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். காலையில் வந்ததிலிருந்து அதுதான் முதல் தண்ணீர் என்றார்.

அந்த ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க அவருக்குக் கிடைத்த நேரம் இருக்கிறதே ஐயா, அதுதான் நான் என் பிள்ளையின் டீச்சருக்குச் செய்த முதல் மரியாதை. அதற்கு முந்தின வருஷம் ஆசிரியர் தினத்தன்று என் மகள் கையில் ஒரு ரோஜாப்பூ கொடுத்து அனுப்பியிருந்தேன். அதையும் அன்போடுதான் வாங்கிக்கொண்டார். ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது எது என்று எனக்கு வேப்பமரத்தடியில்தான் தெரிந்தது.

குருவை வணங்கச் சொன்ன தமிழ் மரபு என்று அண்ணன் குரல் உயர்த்திச் சொன்னார். மரபைப் பார்க்கலாம். புறநானூற்றின் 183-ஆவது பாட்டு. பாடியவன் பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். படை நடத்திய அரசன், கல்வியைப் பற்றிப் பாடுகிறான்:

"உற்றுழி உதவியும், உறுபொருள் கொடுத்தும்,
பிற்றை நிலை முனியாது, கற்றல் நன்றே"

வரிசையைக் கவனியுங்கள். பணிந்து நிற்பது மூன்றாவதாக வருகிறது. பொருள் கொடுப்பது இரண்டாவது. எல்லாவற்றுக்கும் முன்னால் அரசன் வைத்தது 'உற்றுழி உதவி'. ஆசிரியருக்கு ஒரு இடர் என்றால் அந்த நேரத்தில் போய் நிற்பது. அந்த முதல் சொல் மேடையில் நடக்கிற காரியமா ஐயா? இடர் பள்ளிக்கூடத்தில் அல்லவா இருக்கிறது?

இது அரசன் பாட்டோடு நின்றுவிடவும் இல்லை. காமராசர் முதல்வராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. அரசாங்கம் கட்டிக் கொடுக்கட்டும் என்று ஊர் காத்திருக்கவில்லை. இடம் கொடுத்தவர் இடம் கொடுத்தார். கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள், பெஞ்சு செய்து கொடுத்தார்கள், சுவர்க் கடிகாரம், தேசப்படம், பிள்ளைகளுக்குச் சீருடை என்று முடிந்ததைக் கொண்டுவந்தார்கள். வாழ்நாளில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களும் அதில் கொடுத்தார்கள். தன் பிள்ளைக்கு எழுத்து சொல்லித் தருகிறவர் ஓட்டைக் கூரைக்குக் கீழே நிற்கக் கூடாது என்கிற நினைப்பு அது.

இன்றைக்கும் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்களில் கல்விச் சீர் எடுக்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். தாய்மாமன் சீர் கொண்டுபோகிற மாதிரி, மேளம் முன்னால் போக, பெண்கள் தாம்பாளத்தில் நோட்டும் பென்சிலும் வைத்து எடுத்துவர, ஆண்கள் பீரோவையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு தெருவழியே பள்ளிக்குப் போவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாமும் எடுத்தோம். நம் தெருப் பாட்டி ஒருவர் புதுத் துடைப்பம் ஒன்றும் ஒரு பிளாஸ்டிக் குடமும் கொண்டுவந்தார். தாம்பாளத்தில் வைக்க அவருக்குக் கூச்சம். டீச்சர் ஓடிவந்து இரண்டையும் கையில் வாங்கிக்கொண்டார். அந்தக் குடத்தில்தான் இன்றைக்கும் பிள்ளைகள் தண்ணீர் மொள்கிறார்கள்.

இந்த இடத்தில் அண்ணன் குறுக்கிடலாம்: "அதுவும் விழாதானே?" என்று. ஆமாம், விழாதான். ஆனால் தாய்மாமன் சீரோடு நிறுத்திக்கொள்கிறாரா? காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்தவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வந்து நிற்பார், கல்யாணத்துக்கும் நிற்பார். அதற்கு நாம் வைத்திருக்கிற பேர் 'முறை'. சீர் ஒரு நாள் காரியம், முறை காலத்துக்கும் உள்ளது. முறை செய்யாத மாமன் எத்தனை தட்டு தூக்கி வந்தாலும் ஊர் அவரை என்ன பேசும் என்று இங்கே நிற்கிற தாய்மார்களுக்குத் தெரியும்.

நம் ஊர் முறை செய்ததா? வருத்தத்தோடு சொல்கிறேன், ரொம்ப நாள் செய்யவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நம் குழுவில் 24 பேர். போன வருஷம் ஒரு மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் நாலு பேர். நான் ஐந்தாவதாக, தைத்த ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன். டீச்சர் இருபத்துநாலு நாற்காலியையும் வட்டமாகப் போட்டு, தீர்மான நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைய பொருள், போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. கழிவறைக்குத் தண்ணீர் இல்லை. பதினோரு நாளாகத் தலைமையாசிரியரும் டீச்சரும் பிள்ளைகள் வருவதற்கு முன்பே வந்து, எதிர்வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே தெரியாது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் நாம் அவர்கள் இருவருக்கும் இதே மேடையில் பொன்னாடை போர்த்தியிருந்தோம்.

அன்று இரவே நாங்கள் ஐந்து பேரும் வீடு வீடாகப் போனோம். மோட்டார் காயில் கட்டத் தெரிந்தவர் நம் பிள்ளைகளின் அப்பாக்களிலேயே ஒருவர் இருந்தார். அவரும் அதுவரை கேள்விப்படவில்லை. மறுநாளே கழற்றிக்கொண்டுபோய்ச் சுற்றினார். மூன்றாம் நாள் மாலை தண்ணீர் வந்தது. டீச்சர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு ஒம்பதே காலுக்கு வந்தா போதும்ல" என்று சாரிடம் கேட்டார். அவ்வளவுதான். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை எந்தப் பொன்னாடையும் கொடுத்திருக்காது ஐயா.

நல்லாசிரியர் விருதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பெரிய கௌரவம், வாங்கியவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் மாநிலம் முழுக்க ஒரு வருஷத்தில் சில நூறு பேருக்குத்தான் அது போய்ச் சேரும். ஒரு மூலையில், பஸ் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்து, அகரம் எழுதுகிற விரலைப் பிடித்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுக்கு ஊர்தான் கதி.

பிள்ளைகள் மேடையைப் பார்த்து மரியாதை பழகும் என்ற வாதத்துக்கும் வருகிறேன். பிள்ளை மரியாதையைப் பழகுவது ராத்திரி சோற்றுத் தட்டுக்கு முன்னால். "டீச்சர் இன்னைக்கு என்னடா சொல்லிக் கொடுத்தாங்க?" என்று அப்பா கேட்கிற வீட்டில் அது தானாக வரும். அப்பாவுக்குக் கேட்கத் தோன்ற வேண்டுமானால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று அவருக்கு முதலில் தெரிய வேண்டும். அதற்காகத்தான் பால் சொசைட்டி வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினோம். காலையும் மாலையும் ஊரே பால் ஊற்ற வருகிற இடம். வாரம் இரண்டு முறை நானும், இந்தப் பள்ளியில் படித்த இரண்டு பிள்ளைகளும் பள்ளிச் செய்தி எழுதுகிறோம். யார் முதன்முதலாக ஒரு கதையை முழுசாகப் படித்தார்கள், தடுப்பூசி என்றைக்கு, எந்த ஓடு உடைந்திருக்கிறது, எல்லாம் அதில் வரும்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, தெரிகிறது. இந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

போன மாதம் எழுதினேன்: "நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சாரோடு போய் நம் குளக்கரையைக் கயிறு போட்டு அழந்தார்கள்." மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், அந்த 'ழ' மட்டும் விரலால் அழிக்கப்பட்டு, அந்த இடத்தில் உருண்டையான கையெழுத்தில் ஒரு 'ள' இருக்கிறது. என் மகன் நோட்டில் தினமும் பார்க்கிற கையெழுத்து. பஸ்ஸுக்குப் போகிற வழியில் டீச்சர் நின்று படித்திருக்கிறார். தன் பள்ளியைப் பற்றி ஊர் எழுதியதைப் படித்துவிட்டு, திருத்திவிட்டுப் போயிருக்கிறார். நான் அந்த எழுத்தை இன்னும் அழிக்கவில்லை. புதுச் செய்தியை அதற்குக் கீழேதான் எழுதுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை மாதத்தின் கடைசி வெள்ளி. மேலாண்மைக் குழுக் கூட்டம் மூன்று மணிக்கு. நாற்காலி 24 போட்டிருக்கும். பேச வேண்டியது மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது. அண்ணன் பேத்தியும் நம் பள்ளிதான். அண்ணனும் வர வேண்டும்.

வணக்கம்.