மிக்-21 முதலில், எம்டன் அப்புறம்: பிளாஸ்டிக் மாடலுக்குத் திரும்புகிறவர்களுக்கு

வணக்கம். இன்றைக்குப் புதிதாக எதையும் செய்து காட்டப் போவதில்லை, பேசத்தான் போகிறேன். "பள்ளி நாளில் பிளாஸ்டிக் விமானம் ஒட்டியிருக்கிறேன், மறுபடியும் ஆரம்பிக்க ஆசை, எந்த ஏர்பிரஷ் வாங்கலாம்?" என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். ஏர்பிரஷ் என்றால் காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் சின்னக் கருவி. என் பதில்: வாங்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம். கம்ப்ரஸர், ஸ்ப்ரே பூத், அலமாரி நிறைய பெயிண்ட் என்று வாங்கிக் குவித்த களைப்பிலேயே மறுபடியும் விட்டவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வருகிறவருக்கு முதலில் வேண்டியது முழுசாக முடித்த ஒரு மாடல். கொஞ்சம் கோணலாக வந்தாலும் சரி, முடிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதனால் சின்னதாக எடுங்கள். என் மேஜையில் இருப்பது 1/72 அளவில் ஒரு மிக்-21 போர் விமானம். 1/72 என்றால் ஆறடி ஆள் ஒரு அங்குலம். ஏர்ஃபிக்ஸ் என்ற மாடல் கம்பெனி 1953-இல் விட்ட முதல் ஸ்பிட்ஃபயர் விமானக் கிட் இதே அளவுதான், இன்றைக்கும் விமானங்களுக்கு அதிகம் புழங்கும் அளவுகளில் இது ஒன்று. நிஜ மிக்-21-க்கு இறக்கை நுனியிலிருந்து நுனி வரைக்கும் 7.15 மீட்டர். அதை 72-ஆல் வகுத்தால் பத்து சென்டிமீட்டர்கூட வராது. கையில் வைத்துக் காட்டுகிறேன், பாருங்கள், இறக்கை உள்ளங்கைக்குள் அடங்குகிறது. புத்தக அலமாரியில் ஒரு மூலை போதும், வீட்டில் யாரும் முறைக்க மாட்டார்கள்.

ஏன் மிக்-21 என்றால், 1963-இல் நம் விமானப்படைக்கு வந்தது, 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் விடைபெற்றது. முதல் மிக்-21 படைப்பிரிவு தொடங்கியதும் அதே சண்டிகரில்தான். அறுபது வருடத்துக்கு மேல் பறந்த விமானம். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பரணிலிருந்து கிட்டை இறக்கியவர்களில் நானும் ஒருவன்.

சரி, கண். இதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை. நாற்பது தாண்டியவருக்கு விரல் மறக்காது, கண்தான் ஒத்துழைக்காது. வெள்ளெழுத்து வந்த பிறகு விமானியின் முகத்துக்குப் பெயிண்ட் அடிப்பது நடக்காத காரியம். ஆகவே முதல் செலவு வெளிச்சத்துக்கும் லென்ஸுக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள். செல்போன் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் எல்இடி வளையம் வைத்த பெரிய லென்ஸ் விளக்கு, தலையில் மாட்டும் லென்ஸ், கூர்மையான ட்வீசர், வெட்டின இடம் மட்டமாக வரும் கட்டர் எல்லாம் கிடைக்கும். 'ஹாபி டூல்' என்று ஆன்லைனில் பார்க்கிற அதே வேலையைச் செய்யும் சாமான்தான். எமரி ஷீட்டைப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் 400, 800, 1200 என்று ஒவ்வொன்று வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது.

பசையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பிளாஸ்டிக் மாடலுக்கு என்றே இருக்கும் தண்ணி மாதிரியான சிமெண்ட் வேண்டும், உதாரணத்துக்கு டாமியா எக்ஸ்ட்ரா தின். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பிரஷ்ஷால் தொட்டால், அதுவே உள்ளே ஓடிப் பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டையும் ஒரே துண்டாக்கிவிடும். ஆவியாக வேண்டும் என்பதால் ஜன்னல் திறந்திருக்கட்டும், இரவு முழுக்கக் காய விடுங்கள். காக்பிட் கண்ணாடிக்கு இதையும் தொடாதீர்கள், சூப்பர் குளூவையும் தொடாதீர்கள். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடி மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். அதற்கு நம் வீட்டு ஃபெவிகால் போதும். காய்ந்தால் நிறமில்லாமல் போகும், வழிந்தால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, உடலின் இரண்டு பாதியையும் மூடுவதற்கு முன்னால் மூக்குக்குள் எடை வையுங்கள். மூக்குச் சக்கரம் இருக்கிற விமானங்கள் பல, எடை இல்லாவிட்டால் வால் தரையில் இடிக்க உட்கார்ந்துவிடும். தூண்டில் சாமான் கடையில் விற்கும் சின்ன ஈயக்குண்டு இதற்கு அருமையாகப் பொருந்தும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாம் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வீடியோக்கள் எல்லாம் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஹீட்டர் போட்ட அறையில் எடுத்தவை. நாம் இருப்பது சென்னை. இங்கே எந்த மாடலுக்கும் பாதி முடிவை எடுப்பது காற்றில் இருக்கும் ஈரம்தான்.

இப்போது ஐப்பசி, வெளியே தூறிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு லாக்கர் பெயிண்டோ வார்னிஷோ ஸ்ப்ரே செய்தால், அதிலிருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும். அப்போது மேல்பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதன் மேல் படியும், பெயிண்ட் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாகிவிடும். பளபளப்பில்லாத மாட் வார்னிஷ் இந்த விஷயத்தில் ரொம்ப மோசம், அதுவும் அது கடைசி வேலை, அத்தனை நாள் உழைப்பும் அதன் கீழே இருக்கும். மழை நாளில் ஸ்ப்ரே கேனைக் கையில் எடுக்காதீர்கள், வெயில் அடிக்கட்டும். சூப்பர் குளூ கதை தலைகீழ். அது ஈரத்தில்தான் இறுகும், அதனால் இங்கே சரசரவென்று பிடித்துக்கொள்ளும், பாகத்தை நகர்த்தி நேராக்க நேரமே தராது.

அக்னி நட்சத்திரத்தில் இன்னொரு வகைத் தொல்லை. அக்ரிலிக் பெயிண்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்துபோகும். ஃபேன் போட்டால் இன்னும் சீக்கிரம் காயும், கூடவே தூசியும் ஒட்டும். ஃபேன் போடாவிட்டால் வியர்வை சொட்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் இரண்டும் இல்லை. பெயிண்டில் ரிட்டார்டர், அதாவது காய்வதைத் தாமதிக்கும் திரவம், இரண்டு துளி விட்டு, தண்ணி மாதிரி கரைத்து, ஒரே பூச்சாக அடிக்காமல் மெல்லிசாகப் பல பூச்சு அடியுங்கள். ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. முதல் பூச்சு திட்டுத் திட்டாக அசிங்கமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். மிக்-21 மாதிரி சின்ன விமானத்துக்குக் கையால் அடித்த பெயிண்ட் தாராளமாகப் போதும் என்பது என் கட்சி. ஏர்பிரஷ்காரர்கள் கமெண்டில் சண்டைக்கு வாருங்கள், காத்திருக்கிறேன்.

டீக்கால், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர், ஒட்டும்போது குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்ததும் சின்னத்தைச் சுற்றி வெள்ளைக் கறை நிற்கும். கேன் தண்ணி ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் விமானப்படையின் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, அடுத்து வெள்ளை, நடுவில் பச்சை. அந்த வெள்ளை வளையத்தில் கறை விழுந்தால் பளிச்சென்று தெரியும். வருடக்கணக்கில் பரணில் கிடந்த டீக்கால் பழுப்பேறியிருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, படம் வெளிப்பக்கம் பார்க்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். வெயில் பழுப்பை வெளுக்க வைக்கும். இந்த ஒரு வேலைக்குச் சென்னை வெயிலை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பின்னால் அலமாரியில் தெரிகிற நீளப் பெட்டி என்ன என்று கேட்பீர்கள். அது எம்டன், 1/350. ஆமாம், 1914 செப்டம்பர் 22 இரவு நம் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று பர்மா ஆயில் டாங்குகளைச் சுட்டு எரித்த அதே ஜெர்மன் கப்பல். ஹைகோர்ட் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் பாருங்கள். நிஜக் கப்பல் 118 மீட்டர் நீளம், மாடல் 34 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். எனக்கு ரொம்ப நாளாக இதன் மேல்தான் கண். ஆனாலும் இதில் ஆரம்பிக்கவில்லை. கொடிமரத்துக்குக் கொடிமரம் போகும் கம்பிகளை எல்லாம் நாமேதான் இழுக்க வேண்டும். கிட்டில் மிச்சமாகும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்திச் சூட்டில் இளக்கி இழுத்தால் முடி மாதிரி நூல் வரும், ஆனால் அதற்குக் கை பழக வேண்டும். மிக்-21 முடிந்து, இன்னும் ஒன்றிரண்டு சின்ன விமானம் முடிந்து, அப்புறம்தான் இந்தப் பெட்டியைத் திறப்பேன்.

அதற்குள் ஒன்றை நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள். எம்டனுக்கு நிஜத்தில் மூன்று புகைபோக்கிதான். பிரிட்டிஷ் கப்பல் என்று எதிரி நம்புவதற்காக நான்காவதாகப் போலி ஒன்றை நிறுத்துவார்கள். 1914 அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்துக்குள் அப்படித்தான் புகுந்தது. என் மாடலில் மூன்றோடு நிறுத்தவா, நான்காவதையும் செய்து வைக்கவா?